பழைய ஆட்டோமேட்டிக் வாட்ச்: கேட்டுக் கேட்டுச் சேர்ந்த கேள்விகள்

என் மணிக்கட்டில் இருப்பது பெரியப்பாவின் சீகோ 5. பேட்டரி கிடையாது, சாவி கொடுப்பதும் கிடையாது. கிண்டி ஸ்டேஷனில் ரயிலுக்கு நிற்கும்போதோ, கல்யாணப் பந்தியில் இலை முன்னால் உட்கார்ந்திருக்கும்போதோ, யாராவது ஒருத்தர் என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்க ஆரம்பித்துவிடுவார். பத்துப் பதினைந்து வருஷமாக ஏறக்குறைய இதே கேள்விகள்தான். ஒவ்வொரு முறையும் வாய் வலிக்கச் சொல்வானேன் என்று, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதிப் பதிலையும் சேர்த்துவிட்டேன். நான் வாட்ச் ரிப்பேர்காரன் இல்லை. பழைய வாட்ச் பைத்தியம், அவ்வளவுதான்.

பேட்டரியும் இல்ல, சாவியும் குடுக்கறதில்ல. அப்புறம் எப்படிங்க ஓடுது?

உங்கள் கைதான் சாவி. பின்மூடியைக் கழற்றினால் அரைவட்டமாக ஒரு கனத்த தகடு நடு அச்சில் சுழல்வது தெரியும். அதற்கு ரோட்டார் என்று பெயர். கை அசையும்போதெல்லாம் கனமான பக்கம் கீழே சாயப் பார்க்கும், அப்படியே சுழலும். அந்தச் சுழற்சி சின்னச் சின்னப் பற்சக்கரங்கள் வழியாகப் போய் மெயின் ஸ்பிரிங்கை இறுக்குகிறது. இறுகிய ஸ்பிரிங் மெதுவாக விரிய, வாட்ச் ஓடுகிறது. சாவி கொடுக்கும் வாட்சில் விரல் செய்கிற வேலையை இதில் கைவீச்சு செய்கிறது. மற்றபடி உள்ளே மிஷின் ஒன்றுதான்.

இந்த யோசனைக்கு வயது நூறு. கைக்கடிகாரத்தில் இதைச் சாதித்தவர் ஜான் ஹார்வுட் என்ற ஆங்கிலேயர், 1920-களில். அவருடைய ரோட்டார் முழுவட்டம் சுற்றாது. இரண்டு பக்கமும் ஸ்பிரிங்கில் முட்டி முட்டித் திரும்பும். 1931-ல் ரோலெக்ஸ் முழுவட்டம் சுற்றுகிற ரோட்டாரைக் கொண்டுவந்தது. 1948-ல் ஸ்விட்சர்லாந்தின் எடர்னா அந்த ரோட்டாரை ஐந்து குண்டுகள் வைத்த பால் பேரிங்கில் உட்கார வைத்தது. அந்த நிறுவனத்தின் சின்னத்தில் இன்றைக்கும் இருக்கிற ஐந்து புள்ளிகள் அந்த ஐந்து குண்டுகள்தான். 1959-ல் சீகோ 'மேஜிக் லீவர்' என்ற ஒன்றைச் செய்தது. ரோட்டார் எந்தப் பக்கம் சுற்றினாலும் ஸ்பிரிங் இறுகும்படி, கவட்டை மாதிரி ஒரே ஒரு சின்ன நெம்புகோல். பாகங்கள் குறைந்தன, விலையும் குறைந்தது. பெரியப்பா மாதிரி மாதச் சம்பளக்காரர் கைக்கு ஆட்டோமேட்டிக் வந்து சேர்ந்ததற்கு அந்தக் கவட்டைதான் காரணம்.

ஞாயித்துக்கிழமை காலைல கழட்டி வச்சேன். செவ்வாய்க்கிழமை பாத்தா நின்னு கெடக்கு. ரிப்பேரா?

இல்லை. முழுசாக இறுகிய ஸ்பிரிங் பெரும்பாலான வாட்ச்களில் நாற்பது மணி நேரத்துக்குத் தாங்கும். நீங்கள் நாற்பத்தெட்டு மணி நேரம் பட்டினி போட்டிருக்கிறீர்கள். படுக்கைவாட்டில் பிடித்து இருபது முப்பது தடவை மெதுவாக ஆட்டுங்கள், நேரம் வையுங்கள், கட்டிக்கொள்ளுங்கள். அந்தக் காலத்து சீகோ பலவற்றில் கிரவுனை, அதாவது பக்கவாட்டில் இருக்கிற திருகுக் குமிழை, திருகினால் சாவி ஏறாது. அதைத் திருகிப் பார்த்துவிட்டுக் "கெட்டுப்போச்சு" என்று முடிவுகட்ட வேண்டாம்.

தினமும் கட்டியும் காலையில் நின்றுபோனால்தான் யோசிக்க வேண்டும். ஒன்று, உள்ளே எண்ணெய் காய்ந்திருக்கும். இல்லையென்றால் நீங்கள் அசைவதே இல்லை. ஏசி அறையில் நாள் முழுக்க மவுஸ் மட்டும் நகர்த்துகிற நண்பர் ஒருவர் வாட்சைக் குறை சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய அம்மா இரண்டு நாள் கட்டிக்கொண்டு சமையல் செய்தார். வாட்ச் நிற்கவே இல்லை.

ரொம்ப ஆட்டினா ஸ்பிரிங் அறுந்துடாதா?

அறுந்துவிடாது. ஆட்டோமேட்டிக்கில் மெயின் ஸ்பிரிங்கின் வெளிமுனை, அது சுருண்டிருக்கும் டப்பாவோடு இறுகப் பிணைக்கப்படவில்லை. சுவரை அழுத்திக்கொண்டு நிற்கிறது. முழுசாக இறுகியதும் வழுக்கிக் கொடுத்துவிடும்.

என் போன் செகண்ட் சுத்தமா காட்டுது. உன் வாட்ச் தினம் அரை நிமிஷம் தப்பா ஓடுதுங்கறே. இதுல என்ன பெருமை?

ஒரு நாளைக்கு 86,400 விநாடி. அதில் 30 விநாடி தவறினால்கூட 99.96 சதவீதம் சரி. கணக்குப் பரீட்சையில் அந்த மார்க் வாங்கியிருந்தால் என் அப்பா தெருவெல்லாம் சொல்லியிருப்பார். பெரியப்பாவின் வாட்ச் மணிக்கு 21,600 தடவை துடிக்கிறது. ஒரு நாளைக்கு 5,18,400. தலைமுடி மாதிரி ஒரு சுருள் கம்பியும் (ஹேர் ஸ்பிரிங்) ஒரு சின்னச் சக்கரமும் (பேலன்ஸ் வீல்) சேர்ந்து, எண்ணெய்ச் சொட்டை மட்டும் நம்பிச் செய்கிற வேலை இது. நாற்பது வயது தாண்டிய மிஷினிடம் தினம் முப்பது விநாடிக்குள் இருந்தால் நான் குறை சொல்வதில்லை.

ஒப்பிட வேண்டியது பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸோடு அல்ல. 1969 டிசம்பரில் சீகோ முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்த அன்றைக்கே அந்தப் போட்டி முடிந்துவிட்டது. இன்றைய குவார்ட்ஸின் விநாடிக்கு 32,768 அதிர்வுகளோடு பேலன்ஸ் வீல் போட்டியிட முடியாது. இன்னொன்று, வாட்சை எப்படி வைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தும் வேகம் மாறும். டயல் மேலே பார்த்துப் படுத்திருக்கும்போது ஒரு வேகம், கிரவுன் மேலே இருக்கும்படி ஒருக்களித்து நிற்கும்போது ஒரு வேகம். பேலன்ஸ் வீலைப் பூமி இழுக்கிற திசை மாறுவதால் வருவது. பகலில் பத்து விநாடி வேகமாகப் போகிறதா? ராத்திரி எந்தப் பக்கம் வைத்தால் மெதுவாகிறது என்று பார்த்து அப்படி வையுங்கள். ஓசியில் ஒரு ரிப்பேர்.

பதினேழு கல்லு, இருபத்தோரு கல்லுன்னு போட்டிருக்கே, நெஜ மாணிக்கமா? எடுத்து வித்தா எவ்வளவு வரும்?

மாணிக்கம்தான், ஆனால் ஆலையில் செய்தது. செயற்கை மாணிக்கம் செய்யும் முறை 1900-களின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. கடுகைவிடச் சின்ன அந்தக் கற்களுக்குச் சந்தை விலை ஒன்றுமில்லை. சக்கர அச்சுகள் உலோகத்தில் உரசித் தேயாமல் இருக்கத்தான் அவை. சாவி கொடுக்கும் சாதாரண வாட்சுக்குப் பதினேழு கல் போதும். ஆட்டோமேட்டிக்கில் கூடுதல் சக்கரங்கள் இருப்பதால் இருபத்தொன்று, இருபத்தைந்து என்று போகும். ஆனால் பெரியப்பாவின் ஆட்டோமேட்டிக்கிலும் பதினேழுதான்; நன்றாகவே ஓடுகிறது. 1960-களில் ஜப்பானின் ஓரியன்ட் நூறு கல் வைத்தே வாட்ச் விற்றது. அது விளம்பரத்துக்கு. கல்லை எண்ணி வாங்காதீர்கள்.

அப்பா ஃபாரின்ல இருந்து வாங்கிட்டு வந்த சீகோ. எந்த வருஷத்துதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பின்மூடியைப் பாருங்கள். இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று நான்கு இலக்கம், ஒரு கோடு, மறுபடி நான்கு என்று இருக்கும். முதல் நான்கு மிஷினின் எண், அடுத்த நான்கு கேஸின், அதாவது வெளிக்கூட்டின், எண். என்னுடையது 7009 என்று தொடங்குகிறது. இன்னொன்று ஆறு இலக்க வரிசை எண். 1970, 80-களின் சீகோவில் அதன் முதல் இலக்கம் வருஷத்தின் கடைசி எண், இரண்டாவது மாதம். ஜனவரி முதல் செப்டம்பர் வரை 1 முதல் 9, அக்டோபருக்குப் பூஜ்யம், நவம்பருக்கும் டிசம்பருக்கும் அந்தந்த மாதத்தின் ஆங்கில முதல் எழுத்து. 8, 3 என்று தொடங்கினால் எட்டில் முடிகிற ஒரு வருஷத்தின் மார்ச். அது 1978-ஆ 88-ஆ என்பதை மிஷின் எண்ணையும் டயலின் பாணியையும் வைத்து முடிவுசெய்ய வேண்டும்.

அடுத்து கிழமைச் சக்கரம். கிழமையை மாற்றிக்கொண்டே போனால் ஆங்கிலத்தோடு இன்னொரு மொழியும் வரும். அரபி வந்தால் வளைகுடாச் சந்தைக்குப் போனது, ஸ்பானிஷ் வந்தால் அமெரிக்கக் கண்டத்துக்கு, ஜப்பானிய எழுத்து வந்தால் அவர்கள் ஊரிலேயே விற்றது. அப்பா துபாயில் இருந்தார் என்றால் அரபி வருவது பொருத்தம்.

எங்கள் வீட்டுக் கதை இங்கேதான் இடிக்கிறது. பெரியப்பா சிங்கப்பூரிலிருந்து சிதம்பரம் கப்பலில் வரும்போது வாங்கி வந்த வாட்ச் இது என்பது குடும்ப வரலாறு. எம்.வி. சிதம்பரம் 1973-லிருந்து 84-ல் தீப்பிடிக்கும் வரை சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் ஓடியது, அதனால் காலக்கணக்கு சரி. ஆனால் கிழமைச் சக்கரம் அரபி பேசுகிறது. நடுவில் யாரோ ரிப்பேர்காரர் வேறு வாட்சிலிருந்து சக்கரத்தை எடுத்து மாட்டியிருக்கலாம். அல்லது பெரியப்பா கப்பலிலிருந்து இறங்கிய பிறகு, பீச் ஸ்டேஷனுக்கு எதிரே பர்மா பஜாரில் வாங்கியிருக்கலாம். 1969-ல் பர்மாவிலிருந்து திரும்பியவர்களுக்காக வந்த அந்தக் கடைகளில் அப்போது கிடைக்காத வெளிநாட்டுச் சாமான் இல்லை. பெரியம்மாவிடம் இந்தச் சந்தேகத்தைச் சொன்னேன். "அவரு பண்ணாலும் பண்ணியிருப்பாரு" என்றார்.

எங்க தாத்தாவோட எச்.எம்.டி. இருக்கு. அதுவும் ஆட்டோமேட்டிக் தானே?

பெரும்பாலும் இல்லை. ஜப்பானின் சிட்டிசன் உதவியோடு 1961-ல் பெங்களூரில் தொடங்கிய எச்.எம்.டி. வாட்ச் ஆலையிலிருந்து வந்தவற்றில் நாம் அதிகம் பார்ப்பவை சாவி கொடுப்பவை: ஜனதா, பைலட், சோனா, கோஹினூர். ஆட்டோமேட்டிக்கும் செய்தார்கள். கிழமை ஆங்கிலத்திலும் இந்தியிலும் வரும். அதில் 'காஞ்சன்' மாப்பிள்ளைக்குப் போடுகிற வாட்ச் என்று பெயர் வாங்கியது. டயலில் ஆட்டோமேட்டிக் என்று எழுதியிருக்கும். எழுத்து அழிந்திருந்தால் காதருகே வைத்து மெல்லச் சாய்த்துப் பாருங்கள்; உள்ளே ஏதோ வழுக்கிச் சுற்றுகிற சத்தம் வந்தால் அது ரோட்டார்.

டாடாவும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் 1984-ல் கூட்டாகத் தொடங்கிய டைட்டன், ஓசூரிலிருந்து குவார்ட்ஸ் வாட்ச்களை அனுப்ப ஆரம்பித்ததும் இதெல்லாம் அலமாரிக்குப் போனது. எச்.எம்.டி. வாட்ச் நிறுவனத்தை மூட மத்திய அரசு முடிவெடுத்தது 2016-ல். தாத்தாவுடையது சாவி கொடுப்பதாகவே இருந்தாலும் வருத்தப்படாதீர்கள். தினம் காலையில் ஒரு நிமிஷம் அதற்கென்று ஒதுக்குவது தனிச் சுகம்.

ஆன்லைன்ல 1970-ம் வருஷத்து வாட்ச், புத்தம் புதுசு மாதிரி பளபளன்னு, அடிமாட்டு விலைக்கு வருதே. வாங்கலாமா?

ஐம்பது வருஷம் கையில் இருந்த பொருள் புதுசு மாதிரி இருந்தால், அது புதுசாக்கப்பட்டது என்று அர்த்தம். பழைய டயலைச் சுரண்டி, வர்ணம் அடித்து, எழுத்தை மறுபடி அச்சடிப்பது நம் நாட்டில் ஒரு பெரிய தொழில். வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் இதற்கு 'மும்பை ஸ்பெஷல்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். கிளிப்பச்சை, ஆரஞ்சு, பாதி சிவப்பு பாதி கறுப்பு என்று, அந்த நிறுவனம் கனவிலும் செய்யாத நிறத்தில் டயல் இருந்தால் வேறு சாட்சி வேண்டாம்.

நிறம் அடக்கமாக இருந்தால் லென்ஸ் வேண்டும். அசல் அச்சு மெல்லியதாக, ஓரம் கத்தி மாதிரி இருக்கும். மறு அச்சில் எழுத்து தடித்து ஓரம் கசியும். நிமிஷக் கோடுகளும் மணியைக் காட்ட ஒட்டிய கட்டைகளும் ஒரே நேர்கோட்டில் வராது. தேதி ஜன்னலின் உள் ஓரத்தில் வர்ணம் வழிந்திருக்கும். சீகோ என்றால் டயலின் அடி விளிம்பில், ஆறு மணிக்குக் கீழே, கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் ஒரு குறியீடு இருக்கும். மறுவர்ணம் அடித்தவர்கள் அதை விட்டுவிடுவார்கள், இல்லையென்றால் கலங்கலாக்கிவிடுவார்கள்.

"மறுவர்ணம் அடித்தது" என்று சொல்லிக் குறைந்த விலைக்கு விற்றால், பிடித்திருந்தால் வாங்கிக் கட்டுங்கள், அதில் தப்பில்லை. அசல் என்று சொல்லி அசல் விலை கேட்பதுதான் மோசடி.

அப்போ எங்கப்பா வாட்ச் டயல் மஞ்சளாயிடுச்சு, கேஸ் எல்லாம் கீறல். அதை மட்டும் புதுசாக்கிக்கலாமே, நான் விக்கப் போறதில்லையே?

உங்கள் வாட்ச், உங்கள் இஷ்டம். என் கதையைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். பெரியப்பா வாட்ச் கைக்கு வந்த புதிதில் ஒரு கடையில் சர்வீஸுக்குக் கொடுத்தேன். மிஷினைக் கழுவி எண்ணெய் போடச் சொன்னேன், அவ்வளவுதான். திரும்பி வந்தபோது கண்ணாடி மாதிரி மின்னியது. "ஃப்ரீயா பாலிஷ் போட்டுக் குடுத்திருக்கோம் சார்" என்றார்கள். நானும் சந்தோஷமாக நன்றி சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து திருப்பிப் பார்த்தால் பின்மூடியில் வரிசை எண்ணின் முதல் இரண்டு இலக்கம் இல்லை. எந்த இரண்டு இலக்கம் வருஷத்தையும் மாதத்தையும் சொல்லும் என்று மேலே எழுதினேனோ, அதே இரண்டு. பஃப் சக்கரத்தில் காணாமல் போய்விட்டது.

கேஸின் கூர்மையான மடிப்புகளும் சோப்புக்கட்டி மாதிரி மழுங்கிவிட்டன. தொழிற்சாலையில் ஒரு பரப்பைக் கண்ணாடியாகவும் பக்கத்துப் பரப்பை மெல்லிய கோடுகளாகவும் தீட்டி, நடுவில் ஒரு கூர்க்கோடு விட்டிருப்பார்கள். அந்தக் கோடு ஒரு தடவை போனால் போனதுதான். கீறல் இருந்த காலத்தில் கோடும் இருந்தது. மஞ்சளான டயலையும் விட்டுவிடுங்கள். கண்ணாடி மட்டும் மங்கியிருந்தால் மாற்றலாம். பிளாஸ்டிக் கண்ணாடி என்றால் மெருகு போட்டாலே தெளிந்துவிடும். பாதி வாட்ச் அதிலேயே புதுசாகிவிடும்.

ஒரு வாட்சைக் கையில எடுத்தா பத்து நிமிஷம் திருப்பித் திருப்பிப் பாக்கறியே, அப்படி என்னதான் இருக்கு அதுல?

இதை என் மனைவிதான் அதிகம் கேட்டிருக்கிறாள்.

முதலில் தூரத்தில் வைத்துப் பார்ப்பேன், முழு உருவம் பிடிக்கிறதா என்று. பிறகு ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பேன். நல்ல டயலில் நடுவிலிருந்து விசிறி மாதிரி வெளிச்சம் சுற்றும். 1970-களில் இப்படி நீலத்திலும் அரக்கிலும் செய்தார்கள். சாய்க்கச் சாய்க்க நிறம் மாறும். மணிக்கு ஒட்டிய கட்டைகள் ஒவ்வொன்றுக்கும் பட்டை தீட்டியிருக்கும், முள்ளின் நடுவில் மெல்லிய மடிப்பு இருக்கும். விலை குறைந்த வாட்சில்கூட இதைச் செய்தார்கள். டியூப் லைட்டில் தெரியாது. மாலை ஐந்து மணி வெயிலில் மொட்டைமாடிக்குப் போய்ப் பார்க்க வேண்டும்.

பிறகு தேய்மானம். டயல், முள், கேஸ் மூன்றும் ஒரே வயதில் கிழண்டிருக்க வேண்டும். டயல் அறுபது வயது, முள் பத்து வயது என்றால் முள் வந்தேறி. செயின் கண்ணிகள் ஒரு பக்கம் மட்டும் இளகியிருந்தால், கட்டியவர் எந்தக் கையில், எவ்வளவு தொளதொளவென்று கட்டினார் என்று ஊகிக்கலாம். தங்க முலாம் சட்டைக் கை உரசும் மூலையில் முதலில் போகும்.

எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது பின்மூடியின் உள்பக்கம். பழைய ரிப்பேர்காரர்கள் சர்வீஸ் முடித்ததும் ஊசிமுனையால் அங்கே தேதியோ தங்கள் குறியோ கீறி வைப்பார்கள், அதே வாட்ச் திரும்பி வந்தால் அடையாளம் தெரிய. பெரியப்பா வாட்சில் மூன்று கீறல்கள் இருக்கின்றன. முதலாவது 6/81. பாலிஷ் சக்கரம் வெளியேதான் போனது, உள்ளே போகவில்லை. 7009 மிஷின் வந்தது 1970-களின் இரண்டாம் பாதியில். 1981 ஜூனில் இது யாரோ ஒருவர் மேசைக்கு வந்திருக்கிறது. அழிந்துபோன இரண்டு இலக்கத்துக்கு அந்தப் பெயர் தெரியாத ஆள் இவ்வளவு பதில் எழுதி வைத்திருக்கிறார்.

ராத்திரில மின்னுதே, ரேடியமா? கேன்சர் வரும்னு சொல்றாங்க.

நம் ஊரில் மின்னுவதெல்லாம் ரேடியம்தான். சைக்கிளில் ஒட்டுகிற ஸ்டிக்கர்கூட ரேடியம் ஸ்டிக்கர். வாட்சில் உண்மையான ரேடியம் 1960-கள் வரை புழங்கியது. அதன் அரை ஆயுள் 1,600 வருஷம். மின்னுகிற பூச்சு செத்து இருட்டில் ஒன்றுமே தெரியாவிட்டாலும் கதிர்வீச்சு அப்படியே இருக்கும். அதற்குப் பின் வந்தது ட்ரிட்டியம். அரை ஆயுள் 12 வருஷம் சொச்சம், அதனால் அந்தக் காலத்து வாட்ச் இப்போது மின்னாது, கவலையும் வேண்டாம். ஸ்விஸ் டயலில் அடியில் ஸ்விஸ் என்ற சொல்லுக்கு இரண்டு பக்கமும் ஆங்கில 'டி' எழுத்து இருந்தால் அது ட்ரிட்டியம்.

ரேடியம் டயலை மூடிய நிலையில் எப்போதாவது கட்டுவது வேறு, திறந்து பூச்சைச் சுரண்டுவது வேறு. அந்தத் தூள் மூச்சிலோ வாயிலோ போகக் கூடாது. 1950-கள் வாட்சில் பழுப்பேறிய பூச்சு உதிர்ந்துகொண்டிருந்தால் வீட்டில் திறக்காதீர்கள், பிள்ளைகள் கைக்கும் கொடுக்காதீர்கள்.

பின்னாடி வாட்டர் ரெசிஸ்ட்னு போட்டிருக்கு. மழைல போகலாமில்ல?

அது எழுதப்பட்ட வருஷத்தில் உண்மை. தண்ணீரைத் தடுப்பது ரப்பர் வளையம். அது இந்நேரம் அப்பளம் மாதிரி நொறுங்கியிருக்கும். புது வளையம் போட்டிருந்தாலும் குளியல், மெரினா, ஐப்பசி மழை மூன்றுக்கும் கழற்றி வையுங்கள். கண்ணாடிக்குள் ஆவி படிந்தால் அரிசி டப்பா வைத்தியம் வேண்டாம், அன்றைக்கே ரிப்பேர்காரரிடம் போங்கள். துரு ராத்திரியிலேயே வேலையைத் தொடங்கிவிடும்.

சென்னையில் மழையைவிட வியர்வைதான் பெரிய எதிரி. உப்புக் காற்று, உப்பு வியர்வை, மேலே கத்திரி வெயில். குரோம் முலாம் போட்ட கேஸ்கள் பின்பக்கம் அம்மைத் தழும்பு மாதிரி குழி விழுவது இதனால்தான். வீட்டுக்கு வந்ததும் பருத்தித் துணியால் துடையுங்கள். செயினை மட்டும் தனியாகக் கழற்றி, பழைய பல்துலக்கியும் சோப்பும் போட்டுத் தேய்த்துக் காயவிடுங்கள். வருகிற அழுக்கைப் பார்த்தால் சாப்பாடு இறங்காது. ஏப்ரலிலிருந்து ஜூன் வரை தோல் ஸ்டிராப் வேண்டாம், நாறிப்போகும். அலமாரியில் வைக்கிற டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போடுங்கள்.

வாட்ச் சின்னதா இருக்கே, லேடீஸ் வாட்ச்சா?

இல்லை. அந்தக் காலத்தில் 36, 37 மில்லிமீட்டர்தான் ஆண்களுக்கே. நம் மணிக்கட்டுக்கு அதுதான் அழகு. சாப்பாட்டுத் தட்டு அளவுக்குக் கட்டுவது இப்போது வந்த பழக்கம்.

ராத்திரி பதினோரு மணிக்குத் தேதி மாத்தினேன். அதுலேர்ந்து மாற மாட்டேங்குது.

ராத்திரி ஒன்பதிலிருந்து விடிகாலை மூன்று வரை தேதிச் சக்கரத்தைத் தள்ளும் பல் ஏற்கெனவே கவ்விக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் நீங்கள் வேறு திருகினால் பல் உடையும். முதலில் முள்ளை ஆறு மணிக்குக் கொண்டுவந்துவிட்டுத் தேதி வைப்பது பாதுகாப்பு. உடைந்தது உடைந்ததுதான், சக்கரம் மாற்ற வேண்டும். 1960-களின் கடைசி, 70-களின் தொடக்கத்து சீகோ சிலவற்றில் கிரவுனை இழுக்காமல் உள்ளே அழுத்தினால்தான் தேதியும் கிழமையும் மாறும். தெரியாமல் இழுத்துத் திருகிப் பலர் பாழாக்கியிருக்கிறார்கள்.

நல்லா ஓடிட்டிருந்த வாட்ச் திடீர்னு நாளைக்குப் பத்து நிமிஷம் வேகமா ஓடுது. என்னாச்சு?

காந்தம் ஏறியிருக்கும். ஹேர் ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் அதன் நீளம் குறைந்த மாதிரி ஆகி, துடிப்பு வேகமாகிவிடும். ஸ்பீக்கர், போன் கவரின் காந்தப் பூட்டு, இண்டக்ஷன் அடுப்பு எல்லாம் சந்தேகத்துக்குரியவை. ஒரு சின்னத் திசைகாட்டியை வாட்ச் அருகே கொண்டுபோங்கள். அதன் முள் ஆடினால் அதுதான். ரிப்பேர்காரரிடம் காந்தம் இறக்கும் கருவி இருக்கும், பத்து விநாடி வேலை. பிரித்துப் பார்க்க வேண்டும் என்று யாராவது சொன்னால் முதலில் இதைச் செய்யச் சொல்லுங்கள்.

நல்லாத்தானே ஓடுது, எதுக்கு சர்வீஸ்? குடுக்கறதுன்னா சென்னைல யார்கிட்ட?

எண்ணெய் காய்ந்தாலும் வாட்ச் ஓடும், அச்சுகளைத் தின்றுகொண்டே ஓடும். ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கடை பெயர் சொல்ல மாட்டேன். பாரிமுனை, திருவல்லிக்கேணி, மயிலாப்பூர் என்று எங்கும் இரண்டடி அகலக் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால், கண்ணில் லென்ஸ் மாட்டிய பெரியவர்கள் இன்னும் உட்கார்ந்திருக்கிறார்கள். யாரிடம் போனாலும் அவர் பின்மூடியை எப்படித் திறக்கிறார் என்று பாருங்கள். அதற்கான கருவியை எடுத்தால் உட்காருங்கள், குறடோ கத்தியோ எடுத்தால் எழுந்துவிடுங்கள். கொடுக்கும்போது மூன்று விஷயம் சொல்லுங்கள்: பாலிஷ் போடக் கூடாது, டயலைத் தொடக் கூடாது, மாற்றிய பழைய பாகத்தை எனக்கே திருப்பிக் கொடுக்க வேண்டும். முதல் இரண்டுக்கும் காரணம் மேலே அழுதிருக்கிறேன்.

பார்ட்ஸ் மாத்தினா ஒரிஜினல் போயிடுமா? ரிப்பேர் பண்ணாமயே வச்சிருக்க முடியுமா என்ன?

நியாயமான கேள்வி. நான் இரண்டாகப் பிரிக்கிறேன். மெயின் ஸ்பிரிங், ரப்பர் வளையம், கண்ணாடி, எண்ணெய் எல்லாம் தேய்ந்து மாறுவதற்கென்றே செய்யப்பட்டவை. வண்டிக்கு டயர் மாதிரி. தயங்காமல் மாற்றுங்கள். டயல், முள், கேஸ் மூன்றும் அந்த வாட்சின் முகம். அவற்றை மாற்றினால் வேறு வாட்ச்.

சிக்கல் நடுவில் இருப்பவற்றில்தான். கிரவுன் தேய்ந்து பிடிக்கவே முடியவில்லை என்றால்? அதே மாதிரியின் பழைய கிரவுனைத் தேடுவேன், கிடைக்காவிட்டால் புதிது போட்டு, பழையதைப் பொட்டலம் கட்டி வைப்பேன். 7009-க்கெல்லாம் செத்த வாட்ச்களிலிருந்து பாகம் எடுத்து ஓட்டலாம். எங்கள் அரபிக் கிழமைச் சக்கரம்கூட அப்படி வந்ததாக இருக்கலாம். அதை மாற்றி சிங்கப்பூர்க் கதைக்குப் பொருத்தமாக வேறொன்று போடலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். மாட்டேன். 81-க்குப் பிறகு அந்த வாட்சுக்கு என்னென்ன நடந்தது என்பதில் அதுவும் ஒன்று.

இதை இன்வெஸ்ட்மென்டா பாக்கலாமா?

பார்க்காதீர்கள். நகைக்கடைக்குப் போங்கள்.

அப்பா வாட்ச் ஒண்ணே ஒண்ணு. அண்ணன் தம்பி நாங்க ரெண்டு பேர். எப்படிப் பங்கு போடறது?

பழைய வாட்ச் பற்றி வந்த கேள்விகளில் எனக்குப் பதில் தெரியாதது இது ஒன்றுதான். எங்கள் வீட்டில் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். நியாயப்படி இந்த வாட்ச் பெரியப்பா மகனுடையது. கோயம்புத்தூரில் இருக்கிறார், வேறு வாட்ச் வைத்திருக்கிறார், "நீதான் கட்டுவே, வச்சுக்கோ" என்று கொடுத்துவிட்டார். பொங்கலுக்கு வரும்போது மட்டும், வந்து செருப்பைக் கழற்றியதும் கையை நீட்டுவார். கழற்றிக் கொடுத்துவிடுவேன். நான்கு நாள் அவர் கையில் இருக்கும்.

என்னிடம் இருக்கும்போது நாளைக்குப் பன்னிரண்டு விநாடி மெதுவாக ஓடுகிற வாட்ச், அண்ணன் கையில் எட்டு விநாடி வேகமாக ஓடுகிறது. அவர் ராத்திரி டயல் மேலே தெரியும்படி படுக்கவைக்கிறார், நான் ஒருக்களித்து வைக்கிறேன். அவர் ஊருக்குக் கிளம்பும் அன்று காலை இரண்டு பேரும் போனைப் பார்த்து நேரத்தைச் சரிசெய்துவிட்டு, கை மாற்றிக்கொள்கிறோம்.